பல் நிற்க வேண்டிய இடமும் எலும்பு இருக்கும் இடமும்

என் தாத்தாவின் பல் செட்டு ரப்பரால் ஆனது. அவர் வெட்டியதும் ரப்பர்தான்.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டத் தொடங்கிக் கங்காணியானவர் அவர். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே பல்லெல்லாம் போய், ஜார்ஜ் டவுனில் ஒரு சீனரிடம் மேலும் கீழும் செட்டு கட்டிக்கொண்டாராம். கருஞ்சிவப்பு ஈறு, பீங்கான் பல். முறுக்கு கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மேல் செட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ்ச் செட்டுதான் ஓயாமல் மிதக்கும். பேச்சின் நடுவே நாக்கால் அதை அமுக்கி இடத்தில் உட்காரவைப்பார். பிள்ளைகள் நாங்கள் அந்த நாக்கு வேலையை நடித்துக் காட்டிச் சிரிப்போம். பிறகு நானே பல் டெக்னிஷியன் ஆனேன். எத்தனையோ வாய்களின் அச்சு என் மேசைக்கு வந்து போனது. அந்தச் செட்டு மிதந்ததற்குக் கட்டியவரின் கைத்திறன் காரணமில்லை, அடியில் எலும்பு கரைந்துபோனதுதான் காரணம் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் தொழில் அந்த எலும்பைக் கவனிக்கத் தொடங்குவதற்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் 1844-ல் காப்புரிமை வாங்கினார். கந்தகத்தைக் கூட்டினால் மரம்போல இறுகும் என்று அவர் தம்பி நெல்சன் 1851-ல் இன்னொன்று வாங்கினார். பல் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வாயின் அச்சின் மேல் மெழுகில் செட்டு செய்து, பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் ரப்பர்த் தகட்டைத் திணித்து, இரும்புப் பானையில் நீராவி அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பார்கள். அதுவரை தந்தமும் தங்கமும் வாங்க முடிந்தவருக்கே செட்டு. ரப்பர் வந்ததும் குமாஸ்தாவும் கடைக்காரரும் கட்டிக்கொண்டார்கள். காப்புரிமையை வைத்திருந்த கம்பெனியோ ஒவ்வொரு பல் வைத்தியரிடமும் கட்டணம் கேட்டது. கட்டாதவர்கள் மேல் வழக்குப் போட்டே காலம் கழித்த அதன் பொருளாளர் ஜொசையா பேக்கனை, 1879-ல் சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றில் சாமுவேல் சால்பண்ட் என்ற பல் வைத்தியர் சுட்டுக் கொன்றார். ஒரு செட்டுப் பல்லுக்காகக் கொலை!

அந்தக் காலத்து ரப்பர் பிரேசில் காட்டிலிருந்து வந்தது. மலாயாவில் மரம் வைத்து, தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து பால் வெட்டியதெல்லாம் 1900-க்குப் பிறகே பெருகியது. பல் வைத்தியத்துக்கு மலாயா தந்தது ரப்பரை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1843-ல் வில்லியம் மாண்ட்கோமெரி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய கட்டாபெர்ச்சா, நம் காட்டு மரத்தின் பால். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்ட அதே சரக்கை இன்றும் பல்லின் வேரை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். பல் குழியை அடைத்த அமால்கத்தில் வெள்ளிக்கு அடுத்தது வெள்ளீயம். அதை உருக்கி உலகுக்கு ஏற்றிய பெரிய உலைகளில் ஒன்று பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையில் இருந்தது. கிராம்பைச் சொல்லவே வேண்டாம். 1790-களின் இறுதியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்குக் கொண்டுவந்த கிராம்பும் ஜாதிக்காயும் பாலிக் புலாவ் மலைச்சரிவில் இன்றும் நிற்கின்றன. கிராம்பெண்ணெயைத் துத்தநாக ஆக்சைடுப் பொடியில் குழைத்த பசையின் வாசனை அடிக்காத பல் கிளினிக்கில் நான் கால் வைத்ததில்லை.

இத்தனையும் விளைந்த ஊரில், பல் வலித்தால் என்ன செய்தார்கள்? கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். தாங்காவிட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரிடம் போனார்கள். அவரிடம் இருந்தது ஒரு கொறடு. மலை ஏறி இறங்கி ஜார்ஜ் டவுனுக்குப் போக மஞ்சள் பஸ்ஸுக்குக் காசும் ஒரு நாள் கூலியும் போகும். ஆகவே அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லெல்லாம் பிடுங்கப்பட்டது. நாற்பது வயதில் பொக்கை வாய் என்பது எங்கள் பக்கம் யாரும் வியந்து பேசாத சங்கதி.

ஜார்ஜ் டவுனில் பல் கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தத் தொழிலுக்குப் பேர்போனவர்கள் ஹூபெய் மாநிலத்துச் சீனர்கள். தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது, பட்டம் கிடையாது. கடை வாசலில் வாய் திறந்த படம், உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பல் வரிசை, கேட்டால் தங்கப் பூண். மலாயாவுக்கான முதல் பல் மருத்துவப் பள்ளி சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1929-ல்தான் வந்தது. 1948-ல் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது, பட்டமில்லாமல் நெடுநாள் தொழில் செய்தவர்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. தனிப் பிரிவாகப் பதிந்து பிழைக்க விட்டார்கள். தாத்தாவுக்குக் கட்டியவரும் அந்த ரகமாகத்தான் இருந்திருப்பார். அவர்களை இளக்காரமாகப் பேசுகிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த மனசு வரவில்லை. உதட்டை எவ்வளவு தாங்க வேண்டும், சிரித்தால் எத்தனை பல் தெரிய வேண்டும், வாய் மூடினால் முகம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்ணாலேயே அளந்தார்கள். பல் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருந்தது. எலும்பைப் பற்றிய கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

1949-ல் பினாங்கில் பள்ளிக்கூடப் பல் தாதியருக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். நியூசிலாந்து 1921-ல் ஆரம்பித்து வைத்த முறை அது: டாக்டர் போதாத நாட்டில், பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் பெண்களைப் பழக்கிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவது. பல் மிஸ்ஸி வருகிறார் என்றால் வகுப்பே நடுங்கும். ஆனாலும் எங்கள் தலைமுறையின் பல் பிழைத்ததில் பாதிப் புண்ணியம் அவர்களுக்குத்தான். டெக்னிஷியன் பயிற்சியும் பிறகு பினாங்கிலேயே அமைந்தது. எழுபதுகளில் நான் படித்தது அங்கேதான். அப்போது ரப்பர்ச் செட்டு போய்விட்டது. 1930-களின் இறுதியில் வந்த அக்ரிலிக், போருக்குப் பிறகு எங்கும் பரவியிருந்தது. பானையும் பிளாஸ்டரும் மெழுகும் மாறவில்லை.

டெக்னிஷியன் நோயாளியைப் பார்ப்பதில்லை. அவன் மேசைக்கு வருவது பிளாஸ்டர் அச்சு. ஈறின் மேட்டை அதில் தடவிப் பார்த்தே ஆளின் கதையைச் சொல்லிவிடலாம். போன வருஷம் பல் பிடுங்கியவருக்கு மேடு அகலமாக, வட்டமாக இருக்கும். இருபது வருஷம் செட்டு போட்டவருக்குக் கீழ்மேடு கத்தி முனை மாதிரி ஆகிவிடும்; சிலருக்கு மேடே இருக்காது, பள்ளம்தான். ஆண்டியே டால்கிரென் என்ற ஆய்வாளர் முழுச் செட்டு போட்டவர்களை 25 ஆண்டு தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து 1972-ல் வெளியிட்ட கணக்குப்படி, மேல் தாடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு எலும்பைக் கீழ்த் தாடை இழக்கிறது. தாத்தாவின் கீழ்ச் செட்டு மிதந்த ரகசியம் இதுதான்.

கரைவதிலும் ஒரு திசை உண்டு. மேல் எலும்பு உள்நோக்கிச் சுருங்கும். கீழ் எலும்பு உயரம் குறையக் குறைய வெளிப்பக்கம் விரிந்ததுபோல் ஆகும். கிழவர்களுக்குத் தாடை முன்னால் துருத்துவது அதனால்தான். ஆக, ஒரு காலத்தில் பல் நின்ற இடமும் இன்று எலும்பு இருக்கும் இடமும் ஒன்றல்ல. செட்டு கட்டும்போது இது பெரிய தொல்லை இல்லை. எலும்பு எங்கே ஒளிந்தாலும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைக் கூட்டிப் பல்லை அதன் பழைய இடத்தில் நிறுத்திவிடுவோம். தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேரான இம்பிளாண்ட் வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. இம்பிளாண்டுக்கு எலும்பு வேண்டும். பல்லுக்கு உதடும் நாக்கும் எதிர்ப்பல்லும் சொல்கிற இடம் வேண்டும். இரண்டும் விலகி நின்றால் யார் விட்டுக்கொடுப்பது?

இம்பிளாண்டின் கதையைத் தெரிந்தவர்கள் அதை முயலிலிருந்து தொடங்குவார்கள். 1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரேன்மார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்தார். வேலை முடிந்து கழற்றப்போனால் வரவில்லை. எலும்பு அதோடு கலந்து பிடித்துக்கொண்டது. 1965-ல் கோதன்பர்க்கில் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த் தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகள் இறங்கின. அவர் 2006-ல் இறக்கும்வரை அவை வேலை செய்தன. பிரேன்மார்க்கை உள்ளூர்ப் பல் வைத்தியர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பவில்லை. 1982-ல் டொராண்டோ மாநாட்டுக்குப் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

பினாங்குத் தனியார் கிளினிக்குகளிலிருந்து என் மேசைக்கு இம்பிளாண்ட் வேலை வரத் தொடங்கியது தொண்ணூறுகளில். மேடானிலிருந்து விமானம் ஏறிச் சிகிச்சைக்கு வருகிற இந்தோனேசியர்களுக்கும், கையில் காசுள்ள நம்மவர்களுக்கும். அன்றைய வழக்கம்: டாக்டர் ஈறைத் திறப்பார், எலும்பு எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கே துளைப்பார், மூன்று முதல் ஆறு மாதம் ஆறவிடுவார், பிறகு அச்செடுத்து எங்களுக்கு அனுப்புவார். பல் எப்படி நிற்கும் என்பது எங்கள் தலைவலி. ஒரு கிளினிக்கிலிருந்து மேல் முன்பல்லுக்கான அச்சு வந்தது. எலும்புக்குள் திருகு அருமையாகப் பிடித்திருந்தது. எலும்பு சாய்ந்த பக்கமே அதுவும் சாய்ந்திருந்ததால், பல்லைக் கட்டினால் திருகுத் துளை சிரிக்கும் பக்கம், பல்லின் நடு நெற்றியில் வரும். போன் செய்தேன். "எலும்பு அங்கேதான் இருந்தது, நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்" என்றார்கள். கோணத் துண்டு போட்டு, பீங்கானை ஒரு பக்கம் தடித்துச் சமாளித்தேன். எக்ஸ்ரேயில் வெற்றி, கண்ணாடியில் தோல்வி. உலகத்தில் எங்கெல்லாம் இம்பிளாண்ட் போனதோ அங்கெல்லாம் என்னைப்போல ஒருவன் இப்படிப் போன் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்.

அந்தக் காலகட்டத்திலேயே வெளிநாட்டு நிபுணர்கள் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லி எழுதத் தொடங்கினார்கள். முதலில் பல்லை மெழுகில் வை. அது நிற்க வேண்டிய இடம் முடிவாகட்டும். பிறகு அதன் அடியில் எலும்பு எவ்வளவு என்று பார். போதாவிட்டால் எலும்பைக் கூட்டு, அல்லது பல்லின் வகையை மாற்று. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஹூபெய்க்காரர்கள் கண்ணால் செய்ததுதான், இப்போது ஸ்கேனோடு வருகிறது.

கிட்டே போய் ஒரு வேலையைக் காட்டுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய காலம். பாலிக் புலாவில் ஜாதிக்காய் உடைத்தே வயதான ஓர் அம்மா. கீழ்ச் செட்டு நிற்பதில்லை. மகன் நான்கு இம்பிளாண்ட் போட்டு நிரந்தரமாகப் பல் கட்டிவிடலாம் என்று டாக்டரிடம் அழைத்து வந்திருந்தார். செட்டைச் சரிபார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அவரைக் கேட்டேன், "என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"கோயில்ல நாலு பேர் முன்னாடி சிரிச்சா கீழ்ப்பல்லு எகிறக் கூடாது தம்பி. அது போதும். நெரந்தரமா வச்சா அதை யாரு உள்ள பூந்து கழுவுறது?"

அந்த ஒரு கேள்வி திட்டத்தில் பாதியைத் தீர்மானித்துவிட்டது.

முதல் வேலை, பல் வரிசை சரியாக இருக்கும் செட்டு ஒன்று. பழையதில் பல் தேய்ந்து முகம் குறுகியிருந்தது; உயரத்தைக் கூட்டிப் புதிதாக வைத்தேன். அம்மா பேசிப் பார்த்து, கண்ணாடியில் பார்த்து, சரி என்றார். பிறகு அந்தச் செட்டின் இளஞ்சிவப்புப் பகுதியில் சின்ன பர்ரால் ஒரு மில்லிமீட்டர்ப் பொட்டுக் குழிகள் அங்கங்கே போட்டு, ஒவ்வொன்றிலும் கட்டாபெர்ச்சா அடைத்தேன். செட்டை வாயில் மாட்டி ஒரு ஸ்கேன். செட்டை மட்டும் தனியே வைத்து இன்னொரு ஸ்கேன். அக்ரிலிக் ஸ்கேனில் சரியாகத் தெரியாது, கட்டாபெர்ச்சா வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இரண்டு படத்தின் புள்ளிகளையும் கம்ப்யூட்டரில் பொருத்தினால், எலும்பின் மேல் பல் எங்கே நிற்கிறது என்பது திரையில் வந்துவிடும். 1843-ல் லண்டனுக்குப் போன அதே மரப்பால், 21-ஆம் நூற்றாண்டு ஸ்கேனுக்கு வழிகாட்டுகிறது.

திரை சொன்னது இது. பின்பக்கம், கீழ்த் தாடை நரம்புக்கு மேல் எலும்பு ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்புக்கும் இம்பிளாண்டுக்கும் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். தவறினால் உதடு மரத்துப்போகும். ஆகவே அங்கே பேச்சே இல்லை. முன்பக்கம், நரம்பு வெளியேறும் இரண்டு துளைகளுக்கு நடுவே, உயரம் பதினைந்து மில்லிமீட்டர் இருந்தது. ஆனால் மேல் விளிம்பு கத்தி முனை, அகலம் மூன்றே மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் கீழே போனால் அகலம் ஆறாகிறது. விளிம்பை நான்கு மில்லிமீட்டர் சீவிச் சமப்படுத்தினாலும் பதினொன்று மிஞ்சும். கோரைப்பல் இருக்கும் இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, செட்டின் உடம்புக்குள் அடங்குகிறபடி பத்து மில்லிமீட்டர் திருகு இரண்டு. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருந்தால் எலும்பு இன்னும் தடிப்பு. ஆனால் செட்டு நாக்குப் பக்கம் புடைத்துப் பேச்சு கெடும். பல் இருந்த இடத்தைத் திரையில் பார்த்தபடியே டாக்டர் திருகைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்தினார். திருகின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதைக் கவ்வும் வளையம். ரவிக்கைப் பிரஸ் பட்டன் மாதிரி டக்கென்று மாட்டும், இழுத்தால் வரும். இரவில் கழற்றிக் கழுவலாம்.

"நாலு போட்டாத்தானே உறுதி?" என்றார் மகன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல்லே இல்லாத கீழ்த் தாடைக்குக் குறைந்தபட்சம் இரண்டு இம்பிளாண்ட் தாங்கும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒப்புக்கொண்டது அவருக்கு அரண். ஒரு இம்பிளாண்டுக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகிற ஊரில், இரண்டு மிச்சம் என்பது சின்ன விஷயமா?

எலும்பு குறைந்தவர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் என்று நினைக்கக் கூடாது. அண்மையில் பல் பிடுங்கிய நடுவயதுக்காரருக்கு எலும்பு தாராளமாக இருக்கும். ஆனால் ஈறுக்கும் எதிர்ப்பல்லுக்கும் நடுவே இடம் இருக்காது. திருகின் மேல் உலோகக் கம்பி, கம்பியின் மேல் கவ்வி, கவ்வியின் மேல் அக்ரிலிக், அதன் மேல் பல்; இத்தனைக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயரம் வேண்டும். இடமில்லாமல் கட்டினால் ஆறு மாதத்தில் அக்ரிலிக் உடைந்து வரும். மேல் தாடையின் பின்பக்கத்தில் வேறு கதை: பல் போனதும் சைனஸ் அறை கீழே இறங்கி எலும்பைத் தின்றுவிடும். அங்கே எலும்பு கூட்ட வேண்டும் என்றால், பரவலாக விற்கிற தூள் மாட்டெலும்பு; மேலே மூடுகிற சவ்வு பெரும்பாலும் பன்றியிடமிருந்து. நம் நாட்டில் இதை முன்கூட்டிச் சொல்லாமல் வைத்துவிட முடியாது. "மாட்டெலும்பா? அப்ப எனக்கு வேணாம் டாக்டர்" என்று எழுந்துபோன தமிழர்களையும், சவ்வைப் பற்றி முதல் கேள்வியே கேட்கிற மலாய்க்காரர்களையும் எனக்குத் தெரியும். சொந்தத் தாடையிலிருந்து எடுக்கலாம், செயற்கைப் பொருள் வைக்கலாம், சைனஸைத் தொடாமல் முன்பக்கமே திருகைச் சாய்த்து வைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் பல்லின் வகையும் எண்ணிக்கையும் அதற்கேற்ப மாறும்.

இத்தனை காலம் இந்த மேசையில் உட்கார்ந்து நான் கண்டது ஒன்று. பல்லின் இடத்தையும் எலும்பின் இருப்பையும் சண்டைக்கு விட்டால் இரண்டுமே தோற்கும். நடுவே நின்று விட்டுக்கொடுக்கக்கூடியது பல்லின் வகைதான்: நிரந்தரமா கழற்றுவதா, நான்கா இரண்டா, பீங்கானா அக்ரிலிக்கா. அந்தப் பேச்சுவார்த்தை கத்தி எடுப்பதற்கு முன்பு நடக்க வேண்டும். அதில் பல் கட்டுகிறவனும் உட்கார வேண்டும். இன்று இளைய டெக்னிஷியன்கள் மெழுகைத் தொடாமல் திரையிலேயே பல் வைக்கிறார்கள். துளைக்கும் கோணத்தைக் காட்டும் தகட்டை அச்சடித்துத் தருகிறார்கள். என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களையும் டாக்டர் துளைத்து முடித்த பிறகுதான் கூப்பிடுகிறார் என்றால், தொண்ணூறுகளில் என் மேசைக்கு வந்த அதே அச்சு அவர்கள் திரைக்கும் வரும்.

பாலிக் புலாவின் முதியவர்களுக்குப் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. டிரஸரின் கொறடு எடுத்த எலும்பு இனி வராது. அவர்களுக்கு நல்ல செட்டு, முடிந்தால் இரண்டு குமிழ். ஆனால் இன்று பல் பிடுங்கப் போகிறவருக்குக் காலம் இருக்கிறது. ஒரு கடைவாய்ப்பல் போனால் அந்த இடத்து எலும்பின் அகலம் முதல் ஆண்டிலேயே ஏறக்குறையப் பாதியாகிறது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது என்று 2003-ல் டென்மார்க்கில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே நாற்காலியில் சாய்ந்து, ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள்: "இந்த இடத்தில் பிறகு என்ன நிற்கப் போகிறது?" அன்று அந்தக் கேள்விக்குச் செலவில்லை. பத்து வருஷம் கழித்துக் கேட்டால், எலும்பு வைத்துக் கூட்டுகிற செலவும் சேர்ந்து பில்லில் வரும்.